குன்னூர்ச் செடியும் அப்பாவின் காமிராவும்

செம்பியநல்லூர்,
தை கடைசி வெள்ளி

சௌபாக்கியவதி ஜகதாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், இதைப் பொய் கலக்காமல் எழுத முடிந்ததே இந்த வாரம்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மலைக் குளிருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். பேப்பரில் நம் ஜில்லாவைப் பற்றி வந்ததைப் பார்த்துப் பயந்து தந்தி அடித்தாயே, அதற்கு ஒரு கார்டில் பதில் எழுதிவிட முடியாது, அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் உன் செடி. முந்தின வருஷம் ஆடியில் நீ ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஹைட்ரேஞ்சியாக் குச்சி பூத்துவிட்டது. ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும் போலிருந்தது, அப்பா செங்கல் அடுக்கி மேடு கட்டி அதன்மேல் நட்டார். சித்திரையில் வெயில் ஏறுவதற்குள் இலையெல்லாம் துவண்டு தொங்கும், கோணியை நனைத்து நிழல் கட்டினார். எனக்குத் தலைவலி என்று படுத்தால்கூட அவர் அத்தனை தடவை எட்டிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கொடுத்த காமிராவோடு துளிர்விட்டால் ஒன்று, இலை உதிர்ந்தால் ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தார். மார்கழிப் பனியில் மொட்டு வைத்து, தை பிறந்ததும் பந்து பந்தாகப் பூத்தது. உங்கள் ஊரில் நீலம், நம் மண்ணுக்கு ரோஜா நிறம். படத்தில் எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும், நிறத்தை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் படத்தால்தான் வினையே வந்தது. சம்பா முற்றி நிற்கும்போது, கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று ஆட்கள் நின்றுவிட்டார்கள். நம் கொல்லை வேலிக்கு அந்தப்புறம் வரப்பில் சிவப்புக் கொடி நட்டு, காலையில் அங்கேதான் கூடுவார்கள். அப்பாவோ அதே நேரத்தில் வேலியோரம் காமிராவும் கையுமாகக் குனிந்து நிற்பார். வேண்டாம், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொன்னேன். பூ யாருக்காகவும் காத்திருக்குமாடி என்றார். பொங்கலுக்கு மறுவாரம் போலீஸ் வந்து வீரையனையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பாதான் படம் பிடித்து ஆள் காட்டிக் கொடுத்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வீரையன் நம் வயலில் எத்தனை வருஷமாக உழுகிறவன், அவன் பெண்டாட்டி ராஜாத்தி நம் கொல்லையில் வளைய வந்தவள், அவளும் வருவதை நிறுத்திவிட்டாள். போதாததற்கு மிராசுதார் சங்கத்து இராஜாங்கம் வீட்டுக்கே வந்து, சபாஷ் சார், அந்த ஃபிலிம் ரோலை என்னிடம் கொடுங்கள், கேஸுக்கு ஆகும் என்றார். அதில் பூதானய்யா இருக்கிறது என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை அவரும் நம்பவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நம் வீடு காட்டிக்கொடுத்த வீடாகிவிட்டது. அப்பா காமிராவை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒரு காரியம் செய்தேன். நீ நம்பமாட்டாய். ரோலை நானே பஸ்ஸில் கொண்டுபோய் நாகூரில் கலந்தர் பாய் ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கி, பழைய படங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேரே ராஜாத்தி தெருவுக்குப் போனேன். இத்தனை வயதுக்கு அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை, அதை நினைத்தும் வெட்கமாயிருந்தது. யாரும் வா என்று சொல்லவில்லை. ராஜாத்தி வீட்டு வாசலில் படங்களைப் பரப்பினேன். பெண்டுகள் ஒவ்வொன்றாகக் கைமாற்றிப் பார்த்தார்கள். வேற ரோலு வச்சிருந்தா யாருக்குத் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். ராஜாத்திதான், அட நீ வேற, செடி ஆடுதுன்னு என்னப் பெருக்கக்கூட விடமாட்டாரு, ஆளையா அவரு படம் புடிப்பாரு, இதுல அம்மாவையே காணுமே என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் அழுதுவிட்டேன். ஒன்றரை வருஷப் படத்தில் என் முந்தானை நுனிகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது, அந்தக் கணக்கை அப்பாவிடம் தனியாகத் தீர்த்துக்கொள்கிறேன்.

செவ்வாயன்று தாசில்தார் முன்னிலையில் பேசிக் கூலி முடிவானது. கேட்டதில் முக்கால்வாசி கொடுக்கிறோம், நியாயம்தான். பிடித்துப்போனவர்களையும் விட்டுவிட்டார்கள். நேற்றுக் காலை அறுப்புக்கு இறங்குமுன் வீரையன் கொல்லைப்பக்கம் வந்தான், இளைத்துப்போயிருக்கிறான். தோளில் கொடி. அப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. ஒளிஞ்சு நின்னு எடுத்தீங்கன்னு சொல்லிப்புட்டாங்கய்யா, இந்தா நேரா நிக்கிறேன், கொடியோட எடுங்க என்று சொல்லி உன் செடி பக்கத்தில் விறைப்பாக நின்றான். நான் பானைக்குள்ளிருந்து காமிராவை எடுத்து அரிசியைத் தட்டி, பெட்டியில் மிச்சமிருந்த புது ரோலையும் சேர்த்துக் கொடுத்தேன். காற்றடித்தால் பூவைக்கூட எடுக்காதவருக்குக் கை அப்படி நடுங்கியது.

குழந்தைக்குச் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிடு, வெந்நீர் இதமாக இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஃபிலிம் ரோல் இரண்டு வாங்கி அனுப்பச் சொல், மறந்துவிடாதே. நேற்று எடுத்தது ஆடிப்போயிருக்கும், தெளிவாக வராது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதனாலென்னங்க, நல்லா வர்ற வரைக்கும் வந்து நிக்கிறேன் என்று வீரையன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அம்மா
அகிலாண்டம்