தோப்புக்கு மழை கேட்டவள்

சித்தூர்,
6.11.2024, புதன்

அன்புள்ள நர்மதா,

உனக்கும் உன் வீட்டாருக்கும் சமாதானம் உண்டாகட்டும். நான் யார் என்று கேட்காதே. கேட்டாலும் சொல்லக் கூடாது.

நம் கல்லூரி ஜெப ஐக்கியத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளைகள் பெயரையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்குவோம். ஆளுக்கொரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவளுக்காகக் கிறிஸ்துமஸ் வரை தினமும் ஜெபிக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதமும் எழுத வேண்டும். எங்கள் சீனியர் ஜிஸ்மி சேச்சிதான் கடிதங்களைக் கை மாற்றிக் கொடுப்பார். யாருக்கு யார் என்பது கிறிஸ்துமஸ் கூட்டத்தில்தான் வெளியே வரும்.

போன மாதம் ஒன்பதாம் தேதி குலுக்கினோம். எனக்கு உன் பெயர் வந்தது. உன்னைக் கூட்டத்தில் பார்த்த ஞாபகமே இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் முதல் கடிதத்துக்கே இத்தனை நாள் ஆகிவிட்டது. ஆனாலும் சீட்டு சீட்டுதானே!

உனக்கு ஊர் முதலமடை, அப்பாவுக்கு மாந்தோப்பு என்று சேச்சி சொன்னார். நான் இடுக்கியில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். எங்களுக்கு மழை என்பது கூப்பிடாமலே வந்து பத்து நாள் தங்குகிற சொந்தக்காரர் மாதிரி. உங்கள் பக்கம் மேகம் மலையோடு நின்றுவிடுமாமே? கேட்டதும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் உன் தோப்புக்கு நல்ல மழை வேண்டும் என்று கேட்கிறேன். பதில் எழுதினால் சேச்சியிடம் கொடு.

இப்படிக்கு,
மறைவில் ஜெபிக்கும் உன் தோழி


முதலமடை,
8.11.2024

பெயர் சொல்லாத தோழிக்கு,

நர்மதா எழுதுவது. அட தாயே, முதலில் அந்த மழையை நிறுத்து!

இப்போதுதான் மரம் பூவெடுக்கிறது. பூவில் மழை விழுந்தால் கருகிக் கொட்டிவிடும், பிஞ்சு பிடிக்காது. இந்த இரண்டு மாதமும் அப்பா வானத்தைப் பார்த்து, "வந்துராத சாமி" என்று கும்பிட்டுக்கொண்டிருப்பார். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஏனம்மிணி, யாரு அந்தப் புள்ள? நம்ம மேல என்ன கோவமாமா?" என்றார். அம்மாதான், "நல்லது நெனச்சுத்தானுங்க கேட்டிருக்குது, அதயப் போயி வெய்யறீங்க" என்று உனக்காகப் பேசினாள்.

என் பெயர் உங்கள் டின்னுக்குள் எப்படி வந்தது என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மழைக்கு ஒதுங்கி உங்கள் ஹாலுக்குள் வந்தேன். டீயும் பழம்பொரியும் கொடுத்தார்கள். டீக் கணக்குக்கு என்று ஒரு நோட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் சேச்சி சீட்டு எழுதியிருப்பார். நான் உங்கள் ஆளே இல்லை. நாங்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். அதற்காக எழுதுவதை நிறுத்திவிடாதே. யாரோ ஒருத்தி தினமும் என் பெயரைச் சொல்கிறாள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கிறது.

கொஞ்சம் கேள்விகள் இருக்கின்றன. எத்தனை மணிக்குச் சொல்வாய்? கண்ணை மூடிக்கொண்டா? என் முகம் தெரியாதே, எதை நினைத்துக்கொள்வாய்? கேட்டது நடக்காவிட்டால் உங்கள் சாமி மேல் கோபம் வருமா? அன்றைக்கு முன்னால் நின்று ஒருத்தி பாடினாளே, அவளுக்கு என்ன குரல்! அது நீயா?

இன்னொன்று. உன் பெயரும் யாரிடமாவது இருக்கும் அல்லவா? அவள் உனக்கு என்ன எழுதுகிறாள்?

அன்புடன்,
நர்மதா


சித்தூர்,
20.11.2024, புதன்

அன்புள்ள நர்மதா,

ஞாயிற்றுக்கிழமை முதலமடையில் நல்ல மழை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் கடிதம் கிடைத்த அன்றே கேட்பதை நிறுத்திவிட்டேன், மழை வேண்டாம் என்றுகூடக் கேட்டேன். முதலில் கேட்டதுதான் போய்ச் சேர்ந்ததோ என்னவோ. பூ எவ்வளவு கொட்டியது? உன் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

காலை ஐந்தரைக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில், ஈரத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்வேன். கண்ணை மூடித்தான். உன் முகம் தெரியாததால் ஒரு மாமரத்தை நினைத்துக்கொள்வேன். பாடியவளும் நான்தான். இதைச் சொல்லக் கூடாது, ஆனால் இனி எந்த விதி இருந்து என்ன.

நீ கடைசியாகக் கேட்டாயே, அதற்குத்தான் பதில் எழுதக் கை வரவில்லை. எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை, நர்மதா. ஒவ்வொரு புதனும் சேச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார். நான் கிட்டாரை உறையில் போடுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன். ஆறு வாரம் ஆயிற்று. என் பெயரை எடுத்தவள், இவளுக்கு எதற்கு ஜெபம் என்று மடித்துப் போட்டிருப்பாள். இப்போதெல்லாம் கர்த்தருக்கே என் பெயர் மறந்துபோயிற்றோ என்று தோன்றுகிறது.

இன்றைக்குப் பாடும்போது வாய் பாடியது, உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாரும் கண்ணை மூடிக் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. டிசம்பர் நான்காம் தேதி வரை பாட ஒப்புக்கொண்டுவிட்டேன், அந்தக் கூட்டம்தான் எனக்குக் கடைசி. உன்னைத் தவிர யாருக்கும் இது தெரியாது. அம்மாவிடம் சொன்னால், "ஏட்டி, ஒரு கடுதாசிக்கா கூட்டத்த விடுவ?" என்பாள். கடுதாசிக்காகத்தான். வேறு என்ன சொல்ல?

உனக்காக மட்டும் தொடர்ந்து கேட்பேன். என்ன வேண்டும் என்று நீயே எழுதிவிடு.

உன் தோழி


முதலமடை,
28.11.2024

அன்புள்ள ஞானஜோதி,

பெயரைப் பார்த்து மிரளாதே, சொல்கிறேன். முதலில் தோப்புச் செய்தி. முன்னால் பூத்த மரங்களில் கொஞ்சம் கொட்டியது நிஜம். இன்னும் பூக்க வேண்டிய மரம் நிறைய இருக்கிறது. "அந்தப் புள்ளய வெசனப்பட வேண்டாம்னு சொல்லு கண்ணு, ஐப்பசி கார்த்திகைல மழை பேயறது வழக்கந்தான்" என்றார் அப்பா.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் கணக்குப் படிக்கிறவள். எல்லாப் பெயரும் டின்னில் இருந்து, எல்லாரும் ஒரு சீட்டு எடுத்திருந்தால், உன் பெயர் யாரிடமாவது இருந்தாக வேண்டும். அப்புறம்தான் உறைத்தது. நான் சீட்டே எடுக்கவில்லையே! என்னோடு சேர்த்துப் பெயர் பதினான்கு, எடுத்த கை பதிமூன்று. ஒன்று மிஞ்சத்தானே வேண்டும்?

நேற்று மத்தியானம் காண்டீனில் ஜிஸ்மி சேச்சியைப் பிடித்தேன். "அந்த டின்ன எடுங்க சேச்சி" என்றேன். "எந்தினா? டின் காலியல்லே?" என்றார். பார்த்தால் காலிதான். பிஸ்கட்டுக்கு அடியில் போடுகிற எண்ணெய்த் தாள் ஒன்று ஒட்டிக் கிடந்தது. உரித்தேன். அதன் கீழே ஒரு சீட்டு, எண்ணெய் ஊறி, உன் பெயரோடு. "என்டெ ஈசோயே" என்று இயேசுவைக் கூப்பிட்டுச் சேச்சி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உனக்கு ஒன்றும் வரவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லையாம். நீ முன்னால் நின்று பாடுகிறவள், உனக்கு என்ன குறை என்று நினைத்தாராம்.

அந்தச் சீட்டைத் தானே வைத்துக்கொள்வதாகச் சேச்சி கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எடுக்காமல் விட்ட ஆள் நான்தானே, அப்படியென்றால் அது என் சீட்டு. பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. உன்னை யாரும் வேண்டாம் என்று மடித்துப் போடவில்லை. ஒருவர் கைக்கும் நீ போகவே இல்லை.

இனி என் சந்தேகம். உங்கள் முறை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று நேராகக் கேட்பதுதான். உனக்காக அங்கே நின்று கேட்கலாமா? இல்லை, அது உங்களுக்குப் பாவமா? குதர்க்கம் இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுது. நிலவரம் தெரியாமல் கேட்டு உன் தலையில் எதையாவது கொட்ட வைக்க எனக்கு இஷ்டமில்லை.

உன் நர்மதா


சித்தூர்,
5.12.2024, வியாழன்

அன்புள்ள நர்மதா,

எண்ணெய்த் தாளா! ஐம்பது நாள் நான் மூக்கைச் சிந்தியது ஒரு எண்ணெய்த் தாளுக்கா? ஹாஸ்டலே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தேன். பிறகு ஆத்திரம் வந்தது. சீட்டு ஒட்டிக்கொண்டது சரி. கூட உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்திகூட, உனக்கு வந்ததா என்று கேட்கவில்லையே.

நேற்றுதான் அந்தப் புதன்கிழமை. முன்னால் போய் நின்றேன், சுருதியும் சேர்த்தேன். பாட்டு வரவில்லை. "இது வரைக்கும் ஒரு கடிதமும் வராதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு என் கையைத் தூக்கினேன். பையன்கள் பக்கம் ஜின்சன் தூக்கினான், அவர்களுக்குத் தனி டின். அப்புறம் முதல் வருடப் பிள்ளைகள் இரண்டு பேர். கடைசியில், மடியில் டின்னை வைத்துக்கொண்டே ஜிஸ்மி சேச்சி மெதுவாகக் கையைத் தூக்கினார்.

எட்டு வாரமாக எல்லார் பெயரையும் கூப்பிட்டுக் கொடுத்தவர், நர்மதா! எங்கள் பெண்பிள்ளைகளில் ரிஞ்சு என்பவள் எழுந்து நின்று அழுதாள். "ஒங்க சீட்ட எடுத்தது நாந்தான் சேச்சி. ஒங்களுக்குப் போயி நான் என்ன எழுதன்னு விட்டுட்டேன்" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. நானும் வாராவாரம் என் பெயர் வருகிறதா என்று மட்டும்தானே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யார் வெறுங்கையோடு போகிறார்கள் என்று நானும் பார்க்கவில்லை.

நேற்றுப் பாட்டு இல்லை, பிரசங்கமும் இல்லை. ரெக்கார்டு நோட்டில் தாளைக் கிழித்து எல்லாரும் உட்கார்ந்து எழுதினோம். கூட்டத்தை நான் விடவில்லை.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா பவுல்ராஜ் எஸ்டேட் சபையில் உபதேசியார். அவரிடம் கேட்டால் கூடாது என்பார், அதற்கு நாலு வசனமும் சொல்வார். எனக்கும் கூடாது என்றுதான் எழுத வந்தது. மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அடித்துவிட்டேன். வெயிலில் வெறுங்காலோடு நின்று நீ என் பெயரைச் சொல்வாய் என்று நினைத்துப் பார்த்தேன். அதைப் பாவம் என்று எழுத என் கை போகவில்லை, பாவம் இல்லை என்று எழுதவும் துணிச்சல் இல்லை.

என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். உள்ளே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வருகிற புதன் நான் மறுபடியும் முன்னால் நிற்க வேண்டும். நான் பாடுவது பொய்யாக இருக்கக் கூடாது. அதைக் கேள்.

யாரிடம் கேட்கப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

உன் ஞானஜோதி