மேகனாவுக்குச் சொன்ன விதி

மேலப்புதூர், திருச்சி

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் தம்பியும் சுகம், உன் சுகம் நீயாகச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். போனில் பேசினால் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை தம்பி ஜெபராஜின் ரோபோ போட்டிக்குப் போயிருந்தோம். ரோபோ பெட்டிகளை எடுத்துக் கோட்டுக்குள் வைக்க வேண்டும், பெட்டிக்கு இத்தனை மதிப்பெண் என்று கணக்கு. கடைசிப் பெட்டியையும் அது வைத்துவிட்டது, மணியும் அடித்தது, நான் கைதட்டிக்கொண்டே எழுந்துவிட்டேன். நடுவர் குனிந்து பார்த்துவிட்டு அது செல்லாது என்றார். பெட்டி ரோபோவின் துணையின்றி நிற்க வேண்டும் என்று விதியாம், சாயாமல் நின்றால் போதும் என்று நம் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள், ரோபோவின் கை லேசாகத் தொட்டாலே துணைதானாம். ஸ்ரீரங்கத்து மேகனாவின் ரோபோ மட்டும் பெட்டியை வைத்ததும் ஒரு சாண் பின்வாங்கி நின்றது. அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

திங்களன்று அவள் அம்மா கோதா, எங்கள் பள்ளி ஆபீஸில் இருக்கிறாளே அவள்தான், டப்பாவில் அக்காரவடிசில் கொண்டுவந்தாள். டீச்சர், உங்க ஜெஸ்லின்தான் மேகனாவுக்கு விதியெல்லாம் புரியவெச்சா, ஒரு மணி நேரம் வீடியோவுல பேசினா என்றாள். எனக்கு வயிறு எரிந்தது, அக்காரவடிசில் ருசியாக இருந்ததுகூடப் பிடிக்கவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள், கூடப் பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். தம்பி வயர்களைச் சுற்றிக்கொண்டே, மேகனா கேட்டா, அக்கா சொல்லிச்சு, நான் கேக்கவே இல்லையேம்மா என்றான். அவனுக்குத் துளி வருத்தமில்லை. பிள்ளைங்க போட்டியில நீ ஏன் போட்டி போடுறே என்று அப்பா வேறு சிரிக்கிறார். பெட்டி போனால் போகட்டும், அந்த ஒரு மணி நேரம்தான் என் மனதை அறுக்கிறது. என்னிடம் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, சரிம்மா வைக்கிறேன், அவ்வளவோடு முடிந்துவிடுகிறது உனக்கு.

அந்த ஊர்க் குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. வேளாங்கண்ணி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் காத்திருப்பேன், மறக்காமல் கூப்பிட்டு அந்த விதியை எனக்கும் முதலிலிருந்து சொல். தம்பியிடம் வாங்கி நானே படித்துவிட்டேன், நன்றாகவே புரிகிறது. ஆனாலும் நீ சொல்லும்போது புரியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
அமலராணி