மஞ்சள் பூசிய அளவுக்கல்

14-10-2005
இந்த நோட்டில் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். வைகையை அளந்து ஆளும் சக்கரவர்த்தியாக இன்று எனக்கு முடிசூட்டு நடந்தது. சூட்டியவள் அக்கா மகள் வீரலட்சுமி. ஆற்றுத் தண்ணீர் எங்கே சுழிக்கும், எந்தக் கரையை அரிக்கும் என்று மதுரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள். எங்கள் ஊர் வளைவில் அடிக்கணக்கு எழுதிய கல்லொன்றை நட்டிருக்கிறாள். ஆற்றில் இப்போது வெறும் மணல்தான்; தண்ணீர் வந்ததிலிருந்து தினமும் காலையில் நீர்மட்டம் பார்த்து நான் போனில் சொல்ல வேண்டும். "மாமா, புளுக மட்டும் வேணாம்" என்றாள். என்னிடமா?

22-10
மேலே அணையில் திறந்துவிட்டார்கள். ஆயிரம் யானை அணிவகுத்து வந்தன என்று எழுதத்தான் ஆசை. கல்லில் இரண்டேகால் அடி. அப்படியே சொன்னேன். அவள் கணக்கிலும் அதேதானாம். பெருவெள்ளம் வந்தால் வளைவில் கரை அறுக்கும், கூத்தையாவின் மிளகாய்க் கொல்லை போய்விடும் என்கிறது கம்ப்யூட்டர். கூத்தையா சின்ன வயசிலிருந்து என் சேக்காளி. அந்த இரண்டு ஏக்கரை விட்டால் அவனுக்கு வேறில்லை. மணல்மூட்டை அடுக்க ஆள் கூப்பிட்டுவிட்டான்.

23-10
புதுத்தண்ணீரைக் கும்பிடப் பெண்கள் வந்தார்கள். ஆற்றில் ஒரு கல் நிமிர்ந்து நின்றால் விடுவார்களா? மஞ்சளை அப்பி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிக் குலவையிட்டார்கள். ஒரு எண்ணும் தெரியவில்லை. துணியை விலக்கப் போனேன்.
"சாமி மேல கைய வைக்கியா? வெளங்குவியா நீ?" என்றாள் கருத்தம்மாள்.
போனில் குத்துமதிப்பாகச் சொன்னேன். மூன்றரை.

27-10
நான்கு. ஆற்றுக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா?

2-11
நாலேகால்.

5-11
வீரலட்சுமி போனில் சோர்ந்துபோய்ப் பேசினாள். "எங்கணக்குக்கு ஒரு நாளும் ஒத்து வரல மாமா. மொத நாள் மட்டுந்தான் ஒக்குது. அதத் தப்புன்னு அடிச்சிட்டேன்."
திறந்துவிட்டது கொஞ்சம் தண்ணீர். அது இத்தனை உயரம் நிற்கிறதென்றால், ஆற்றில் மண்டிய சீமைக்கருவேல் மறித்து மெதுவாகத்தான் போகிறதாம். மெதுவாகப் போகும் தண்ணீர் கரையை அரிக்காது. கணக்கை மாற்றிவிட்டாள். வளைவுக்கு ஆபத்தில்லை. கூத்தையா ஆட்களைத் திருப்பி அனுப்பினான்.
அப்பவே நான் நெசத்தச் சொல்லியிருக்கலாம்ல? என் வாயில என்ன மண்ணா இருந்துச்சு?

24-11
வெள்ளம். மத்தியானம் வளைவில் கரை அறுந்தது. கூத்தையாவின் செடி, வரப்பு, கிணறு - ஒன்றும் இல்லை. கூட்டிச் சொல்ல இன்றைக்கு இடமே இல்லை.

26-11
தன் கணக்கு பொய்த்துவிட்டதென்று வீரலட்சுமி மூன்று வருஷ ஆராய்ச்சியை விடப்போகிறாள். நான் சொன்ன அளவெல்லாம் பொய்யென்று சொன்னேன்.
"எனக்காகப் பழிய ஏத்துக்காதீக மாமா" என்று போனை வைத்துவிட்டாள்.

28-11
உடைப்பில் உட்கார்ந்திருந்த கூத்தையாவிடமும் சொன்னேன்.
"ஏலே நாகநாதா, ஆத்தையே ஒன் வாயால திருப்பிட்டியாக்கும்? ஒன் புளுகுலயே இதுதாம்டா பெருசு." சிரித்தான். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தான்.
நான் சொன்ன அளவுகளில் ஒன்றே ஒன்று நிஜம். அவள் அடித்துவிட்ட அந்த இரண்டேகால்.