ஸ்கேன் செய்தால் என் பெயர்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து காற்று. கடை வாசலில் தொங்கும் டி-ஷர்ட்டுகளைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது. மதியம் ஒரு அக்காவும் இன்னொருவரும் வந்தார்கள். இரண்டு பனியன், ஒரு டிரவுசர். பில் கேட்டார்கள்.
ஓனர் அண்ணன்: "சில்லறைக்கு ஏதுங்க பில்லு? ஸ்கேன் பண்ணிப் போட்டுட்டுப் போங்க."
அந்த அக்கா போனைப் பார்த்தார். "செல்வராணின்னு வருது. யாருங்க அது?"
நான். பனியன் மடித்தபடி பக்கத்திலேயே நின்றேன்.
உடனே அடையாள அட்டையைக் காட்டினார்கள். ஜிஎஸ்டி ஆபீஸ்.
"அது இந்தப் புள்ள தனியாப் பண்ற யாவாரமுங்க. பாவம்னு எடங் குடுத்தேன்" என்றார் ஓனர் அண்ணன். நான் பனியனை மடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 9, புதன்
தூறல். வேலைக்கு வர வேண்டாம் என்று போன். அம்மாவிடம் சொன்னேன்.
போன வருஷம் எனக்குப் பதினெட்டு முடிந்ததும் பேங்குக்குக் கூட்டிப்போனது ஓனர் அண்ணன்தான். சம்பளம் போட என்றார். காட்டின இடத்தில் கையெழுத்து. ஏடிஎம் கார்டும், கணக்கோடு சேர்த்த சிம்மும் அவரிடம். சம்பளம் என்னவோ கையில்தான் தந்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்கக் கூசித்தான் பள்ளியும் ஒன்பதாவதோடு நின்றது.
அம்மா: "ஏட்டி, என் பணம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயி வெந்தா போயிரும்?"
சொல்லியிருந்தால் மட்டும்? அம்மா தைப்பது அவர் யூனிட்டில். இந்த லைன் வீடும் அவருடையது.
வாங்க: பருப்பு, சோப்பு, அம்மாவுக்கு மாத்திரை.

ஜூலை 11, வெள்ளி
ஓனர் அண்ணன் வீட்டுக்கே வந்தார். பாயில் உட்கார்ந்தார்.
"பயப்படாதே கண்ணு. டேமேஜ் பீஸ் வாங்கி நானே வித்தேன்னு ஆபீசுல சொல்லீரு. ஃபைனு நாங் கட்டிக்கறேன்."
அம்மாவிடம்: "எடுத்துச் சொல்லுங்கக்கா. ஊடு காலி பண்றாப்ல வச்சுக்காதீங்க."
அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அவர் போனதும், "சொல்லிரு" என்றாள்.

ஜூலை 14, திங்கள்
வெயில். ஓனர் அண்ணன் காரிலேயே ஜிஎஸ்டி ஆபீஸ். வழியெல்லாம் ஒப்பிக்க வைத்தார். சரியாகச் சொன்னேன்.
அதே அக்கா. சாப்பிட்டாயா என்று கேட்டார். மேஜையில் கடையின் கரண்ட் பில், பார்சல் ஆபீஸ் ரசீதுகள், பேங்க் தாள்கள். எல்லாம் ஏற்கெனவே வாங்கியிருந்தார்.
"வந்த பணத்த அன்னன்னைக்கே எடுத்திருக்கு. நீதான் எடுத்தியா?"
தலையாட்டினேன்.
"எந்த ஏடிஎம்முல?"
ஓனர் அண்ணனைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. தலை தானாகத் திரும்பிவிட்டது.
அந்த அக்கா பேனாவை எடுத்தார். "சார், நீங்க வெளிய இருங்க."
பிறகு கேட்டதற்கெல்லாம் அழுகைதான் வந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்ததையே எழுதிக்கொண்டார். "கணக்கு உம் பேருல இருக்கும்மா. உனக்கும் நோட்டீஸ் வரும். பயப்படாதே."
வெளியே கார் இல்லை. பஸ்ஸில் வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்
அம்மா வழக்கம்போல வேலைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பினாள். கேட்டில் வாட்ச்மேன், "உங்கள உள்ள உட வேண்டாம்னுட்டாருங்க அக்கா" என்றாராம். அம்மா என்னைத் திட்டவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.
"சூடு ஆறதுக்குள்ள தின்னுட்டி. பொறவு சாமான் கட்டணும்."