கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம்

இஞ்சாருங்கோ,

உங்கள் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாமலே உங்களோடு குடும்பம் நடத்தி முடித்தவள் நான். இப்போது எழுதும்போதும் பேனை அந்தப் பெயருக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறது. பழைய கூப்பாடே இருக்கட்டும். குசினியில் நின்றாலும் குளியலறையில் நின்றாலும் இந்த ஒரு சொல்லுக்குத்தானே "என்ன, சொல்லும்" என்று குரல் கொடுப்பீர்கள்.

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்பது விசர்க் கேள்வி. ஆனாலும் கேட்கிறேன். அங்கே குளிருமா? இங்கே கிங்ஸ்பரி வீட்டில் ஹீற்றர் போட்டாயிற்று. பின்வளவில் நீங்கள் நட்ட ரோசா இந்தக் குளிரிலும் ஒரு மொட்டு வைத்திருக்கிறது. துளசி என்னைவிட உயரமாகிவிட்டாள். பதினைந்து வயதில் உங்களைப் போலவே கதவை இடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறாள்.

பெரிய செய்தி வேறு. நான் பொலோன்யாவுக்குப் போய் வந்தேன். ஓம், உங்களுடைய பொலோன்யாவுக்குத்தான். நீங்கள் இல்லாமல்.

யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் கோப்புப் பார்த்த மனுசன் எண்பத்தாறில் லண்டனுக்கு அகதியாக வந்து, ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கினீர்கள். பிறகு மா குழைத்தீர்கள். பிறகு பொலோன்யாக்காரரான உங்கள் முதலாளிக் கிழவர் தன் ஊர் டோர்டெலினியை மடிக்கப் பழக்கிவிட்டார். அடுத்த வருசம் நான் கைக்குழந்தைத் துளசியோடு வந்து சேர்ந்தபோது, என்னைக் கண்டதைவிட அந்த மடிப்பைக் காட்டுவதில்தான் உங்களுக்கு அவசரம். சதுர மாத்துண்டில் ஒரு பொட்டு உள்ளீடு, மூலைக்கு மூலை ஒரு மடிப்பு, சின்னி விரலைச் சுற்றி ஒரு நெரிப்பு. அதோடு விட்டீர்களா? பிள்ளையார் கதைக்கு நான் அவித்த கொழுக்கட்டையையும் அப்படியே மடித்து வைத்தீர்கள்.

"இதென்ன, பிள்ளையாருக்குத் தொப்பியோ?" என்று கேட்டேன்.

"குளிர் நாடெல்லே, அவருக்கும் வேணும்" என்றீர்கள்.

முதலாளி தன் ஊரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நீங்களே நடந்து பார்த்ததுபோல வந்து சொல்வீர்கள். தெருவுக்குத் தெரு கூரை போட்ட நடைபாதையாம், மழையில் நனையாமலே சந்தைக்குப் போகலாமாம், ஒரு ஒழுங்கை முழுக்கச் சாப்பாட்டுக் கடைகளாம். நான் பாதியைத்தான் நம்பினேன். இப்போது சொல்கிறேன், முழுதும் உண்மை.

எங்கள் கலியாண நாளுக்கு அந்த முதலாளி எங்களைத் தன் கடைக்கே சாப்பிடக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? வெள்ளை விரிப்பு, மெழுகுதிரி, நான் கூறைச்சேலை, நீங்கள் ரை கட்டி. சூப்புக் கோப்பை மேசைக்கு வரவில்லை, அதற்குள் குசினிப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்த சத்தம். "இருமப்பா, என்னெண்டு பாத்திட்டு வாறன்" என்று எழும்பிப் போனீர்கள். போனவர் போனவர்தான். கடைசியில் என் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தது நீங்கள், ரைக்கு மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு. நான் தனியாக இருந்து சாப்பிட்டேன். கடை முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னீர்கள். "லண்டனிலை எந்தக் கடைக்குப் போனாலும் என்ரை காது குசினியிலைதான் நிக்கும். அந்த ஊருக்கே உம்மைக் கூட்டிக்கொண்டு போறன். முன்வாசலாலை போய், மேசையிலை இருந்து, ஆறுதலாச் சாப்பிடுவம். ஒருத்தரும் என்னை உள்ளுக்குக் கூப்பிட மாட்டினம்."

அதன் பிறகு என்ன? முதலில் பயணப் பத்திரம் இல்லை. பத்திரம் வந்தபோது லீவு இல்லை. லீவு வந்தபோது உங்கள் நெஞ்சு விட்டுக்கொடுக்கவில்லை. வேறு யாரைக் குற்றம் சொல்ல? ஆனால் முன்வாசலால் போய் இருந்து சாப்பிடாமல் போன மனுசனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

துளசிதான் பிடிவாதமாக நின்றாள். பள்ளிக்கூட அரைத்தவணை லீவுக்கு ரிக்கற் போட்டாள். அங்கே ஒரு வழிகாட்டிப் பெண் ஆட்களைச் சேர்த்துச் சந்தையைச் சுற்றிக் காட்டி, கடை கடையாகச் சுவைக்கக் கொடுத்து, முடிவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மதியச் சாப்பாடும் தருவாளாம். அதற்கும் எழுதிப் போட்டாள். உங்கள் நாளுக்கு முன்னமே திரும்பிவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். நான் நினைத்தது இங்கிலீசுத் தேதியை. திதி என்று ஒன்று இருப்பதும், அது வருசத்துக்கு வருசம் இடம் மாறுவதும் எப்படி மறந்தது? பெட்டி அடுக்கும்போதுதான் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தேன். உங்கள் திவசம் சரியாக அந்தச் சாப்பாட்டுச் சுற்றுலா நாளிலேயே வந்து குந்தியிருந்தது.

ஒரு நாள் முழுக்க இறைச்சியும் சீஸும் தின்னப் போகும் இடத்தில், உங்களுக்குப் படைக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாத விரதத்தோடு நான்! உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அழுகை வந்தது. ஆர்ச்வே கோயிலுக்கு ஓடினேன்.

ஐயர் பதறவில்லை. "எங்கை நிண்டாலும் திதி திதிதான், பிள்ளை. ஒரு இலையைப் போட்டு, கிடைக்கிற மரக்கறிச் சாப்பாட்டை வைச்சு, மனசாரக் கூப்பிடுங்கோ. அவர் சாப்பிட்டாப் பிறகு நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார்.

ஆகவே தமிழ்க் கடையில் வாழையிலை ஒன்று வாங்கி, பேப்பரில் சுற்றி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இத்தாலிக்கு விமானம் ஏறினேன். வழியில் ஓரம் கறுத்துப்போனது. நடுப்பகுதி பரவாயில்லை.

வழிகாட்டிப் பெண்ணின் பெயர் பவ்லா. கெட்டிக்காரி, ஆனால் ஊட்டாமல் விடமாட்டாள். எங்களோடு வந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர். அதில் மார்கரெட் என்று ஒரு ஓய்வுபெற்ற நேர்ஸ், லீட்ஸ்காரி, என் பக்கத்திலேயே நடந்தார். முதலில் கோப்பிக்கடை. நான் வேண்டாம் என்றேன். அடுத்தது நீங்கள் சொல்வீர்களே, தலையணை போல் தொங்கும் அந்த மோர்ட்டடெல்லா இறைச்சிக் கடை. மெல்லிய சீவலாக வெட்டி நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். பிறகு சீஸ், பிறகு ஏதோ கறுத்த இனிப்பு வினாகிரி. எல்லாவற்றுக்கும் கும்பிட்டுக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். பவ்லாவின் முகம் கடைக்குக் கடை வாடியது. தன் ஊரையே நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

துளசியும் ஒன்றும் தொடவில்லை. நான் சொல்லவில்லை, அவளாக விட்டாள். அந்த இறைச்சி வாசத்தை மட்டும் மூக்கால் இழுத்துக்கொண்டு, "அம்மா, அப்பா எண்டால் முதல் துண்டு எடுத்திருப்பார்" என்றாள். எடுத்திருப்பீர்கள். எனக்கும் ஒன்றை வாயில் திணித்திருப்பீர்கள்.

அடுத்த கடையில்தான் என் கால் நின்றுவிட்டது. நீளப் பலகையைச் சுற்றி நாலைந்து பெண்கள் இருந்து டோர்டெலினி மடித்துக்கொண்டிருந்தார்கள். மூலைக்கு மூலை. சின்னி விரல். நெரிப்பு. இஞ்சாருங்கோ, அது உங்கள் கை. முன்பின் தெரியாத ஒரு பொம்பிளையின் கையில் உங்கள் கை அசைந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிடித்தால் என்ன நினைப்பாள்?

விரும்பியவர்கள் மடித்துப் பார்க்கலாம் என்றாள் பவ்லா. மற்றவர்கள் மடித்தது வாயைப் பிளந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். உள்ளீடு பன்றி இறைச்சி. திவச நாளில் அதை எப்படித் தொடுவது? நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் துளசி பொறுமை இழந்து பவ்லாவிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். இன்றைக்கு அப்பாவின் நாள், அவருக்குக் கொடுக்காமல் அம்மா சாப்பிடமாட்டா, இறைச்சி தொடமாட்டா, உங்கள் ஊர்ச் சாப்பாடு பிடிக்காமல் இல்லை, அப்பா லண்டனில் இதைத்தான் மடித்தார்.

பவ்லா என் தோளைத் தொட்டாள். பிறகு அந்தப் பெண்களிடம் ஏதோ சொல்ல, மூத்தவள் எழும்பிப் போய் இன்னொரு சட்டி கொண்டுவந்தாள். வெண்ணிறச் சீஸும் ஏதோ கீரையும் கலந்தது. மாவில் முட்டை உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். அந்த ஒரு கேள்வியை எனக்கு நீங்கள் விட்டுத்தர வேண்டும்.

மடித்தேன். வருசக்கணக்காகக் கொழுக்கட்டை மடித்த கையல்லவா, கண்ணை மூடிக்கொண்டும் மடிக்கும். மூத்தவள் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். யார் பழக்கியது என்று கேட்பதாகப் பவ்லா சொன்னாள். என் மனுசன் என்றேன். அவர் இந்த ஊர்க்காரரா என்று திரும்பக் கேட்டாள்.

"இல்லை. கொக்குவில்" என்றேன்.

அது இத்தாலியில் எந்தப் பக்கம் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். நல்ல இடம் என்பதுபோல் தலையாட்டினாள்.

நான் மடித்ததையெல்லாம் பொதி கட்டித் தந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் பவ்லா அதை அவிக்கச் சொல்லி உள்ளே அனுப்பினாள். சின்னக் கடை, வெள்ளை விரிப்பு, மேசைக்கு மேசை மெழுகுதிரி. ஜன்னலோர மேசையில் உங்களுக்கு ஒரு கதிரையை இழுத்து வைத்தேன். முன்வாசலுக்கு நேரே, குசினிக்கு முதுகு காட்டி. தெரிந்துதான் வைத்தேன். கறுத்த ஓரத்தை மடித்துவிட்டு இலையைப் போட்டேன். அவித்த மடிப்புகள், பாண், ஒரு குலை கொடிமுந்திரிப்பழம், சுட்ட கஷ்கொட்டை. இறந்தவர்களின் நாள் வருகிறது என்று அந்த ஊர்க் கடைகளிலும் பாதாம் இனிப்புச் செய்து வைத்திருக்கிறார்கள். பவ்லா அதில் கொஞ்சம் வாங்கி வந்து இலையோரம் வைத்தாள். மெழுகுதிரியை ஏற்றி, இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, உங்களைக் கூப்பிட்டேன்.

பிறகுதான் சங்கடம். படைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டுமல்லவா? ஆள் பார்த்துக்கொண்டு நின்றால் நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள்? ஆனால் பசியோடு வந்து இருந்த அத்தனை பேரையும் நான் எப்படி எழுப்புவது? துளசி மெல்ல மார்கரெட்டின் காதில் சொன்னாள். மார்கரெட் எழும்பி, கோட்டைப் போட்டார். "அந்த மனிதர் நிம்மதியாகச் சாப்பிடட்டும்" என்று சொல்லிக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தார். மற்றவர்களும் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். பரிமாறுகிற பெடியனையும் பவ்லா வெளியே இழுத்து வந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

கூரை போட்ட உங்கள் நடைபாதையில் எல்லாரும் குளிரில் நின்றோம். மழை தூறியது. ஒருவரும் நனையவில்லை. கதவின் கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கலியாண நாளன்று நீங்கள் உள்ளே போனீர்கள், நான் மேசையில் தனியே இருந்தேன். இப்போது நீங்கள் மேசையில், நான் வெளியே. ஆறுதலாகச் சாப்பிட்டீர்களா? உள்ளுக்கு யாராவது கூப்பிட்டார்களா? கூப்பிட்டாலும் எழும்பாதையுங்கோ என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தபோது இலை தெரியவில்லை. பெரிய தட்டொன்று இலைக்கு மேலே கவிழ்த்து மூடியிருந்தது. பக்கத்தில் ஏப்ரனோடு ஒரு நடுத்தர வயது மனுசன், கையில் துவாய். சமையல்காரர். குசினியில் நின்றவருக்கு ஒருவரும் விசயத்தைச் சொல்லவில்லை. வெளியே எட்டிப் பார்த்தாராம். ஆள் இல்லாத மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததாம். சூடு போகக்கூடாது என்று மூடினாராம்.

நீங்கள் ஷிப்ட் முடிந்து வர முந்தி நான் அடுப்படியில் செய்வதும் அதுதானே. சோற்றுக்கோப்பைக்கு மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீங்கள் கதவை இடிக்கும் சத்தத்துக்குக் காத்திருப்பேன். உங்களுக்காக அப்படி மூடி வைக்க இனி இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவர் என்னிடம் கேட்டதைத் துளசிக்குப் பவ்லா சொல்ல, துளசி எனக்குச் சொன்னாள். "அம்மா, வாறவர் லேட்டோ எண்டு கேக்கிறார்."

"ஓம்" என்றேன். "கொஞ்சம் பிந்தும் எண்டு சொல்லு."

சொன்னதும் உடைந்து அழுதேன். துளசி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு தட்டைத் திறந்தோம். ஆவி பறந்தது. உங்கள் இலையிலிருந்து முதல் மடிப்பைத் துளசிக்குக் கொடுத்துவிட்டு நானும் சாப்பிட்டேன். நல்ல ருசி. நீங்கள் சொன்னதைவிட நல்ல ருசி.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கோ. இனிமேல் பிள்ளையாருக்கு நான் அவிக்கும் கொழுக்கட்டையெல்லாம் உங்கள் மடிப்புத்தான். தொப்பி என்று பகிடி பண்ணமாட்டேன். ஒவ்வொரு திதிக்கும் இலையைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு நானும் துளசியும் பின்வளவில் நிற்போம், குளிரென்றாலும். அவதிப்படாமல் வாருங்கோ. எவ்வளவு பிந்தினாலும் மூடி வைத்திருப்பேன்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
துளசியின் அம்மா, உங்கள் மனுசி.