தாய்மாமன் பலகை

காட்வா
4 மார்ச் 1986

சின்னண்ணாவுக்கு,

உன் பாதம் தொட்டு ரேபா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஜினுக்குக்கு முதல் சோறு ஊட்டியாயிற்று. நீ வரவில்லை. தேயிலைத் தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை என்ற உன் தந்தி வந்தபோது மணி பத்து. தாய்மாமன் ஊட்டவேண்டிய பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

“வராத மாமனுக்காகப் புள்ள பட்டினி கெடக்கணுமா? மாமன் ஒக்கார்ற பலகையப் போட்டு மூணு தரம் கூப்பிடும்மா. வந்த மாதிரிதான்” என்றார் புரோகிதர். போட்டேன். “மாமா வாங்க, பொண்ணுக்குச் சோறு ஊட்டுங்க” என்று மூன்று முறை கூப்பிட்டேன். பிறகு பக்கத்து வீட்டு ஹரிபதன் பாபு பாயசத்தை எடுத்து அவள் வாயில் வைத்தார். அவருடைய புது ஜிப்பாவிலேயே துப்பிவிட்டாள்.

அன்று என் மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: “ஒனக்கு இருக்கறதே ஒரு அண்ணன். அப்புறம் என்னடி எப்பப் பாத்தாலும் சின்னண்ணா? பெரியண்ணன் என்ன, சீமைக்கா போயிருக்கான்?” கூட்டம் சிரித்தது. மோனி அண்ணனைப் பற்றி நான் இந்த வீட்டில் சொன்னதில்லை. அவன் குளத்தில் மூழ்கிப் போனபோது எனக்கு இரண்டு வயது, முகம்கூட நினைவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த மாதமாவது வந்துவிட்டுப் போ.

ரேபா


மால்பஜார்
12 மார்ச் 1986

அன்புள்ள ரேபா,

ஆசிகள். கோபித்துக்கொள்ளாதே. முதல் கொழுந்து பறிப்பு தொடங்கிவிட்டது. மானேஜர் ஒருவரையும் வெளியே விடவில்லை.

புரோகிதர் சொன்னது சரிதான். அந்தப் பலகையை எடுத்துவிடாதே. கூப்பிட்டுப் போட்ட பலகையை மாமன் வந்து உட்காரும் முன் எடுத்தால், வாசலோடு திருப்பி அனுப்பியதாகும் என்பாள் அம்மா. ஏப்ரலில் நானே வந்து அதில் உட்கார்ந்து ஊட்டுகிறேன்.

பிள்ளை வாயில் திணிக்காதே. கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, கையில் கொடுத்துப் பார். பக்கத்திலேயே உட்கார்ந்திரு. தானாகத் தின்னும் என்கிறார் எங்கள் தோட்டத்து டாக்டர்.

அவனி


காட்வா
2 ஏப்ரல் 1986

சின்னண்ணாவுக்கு,

பணிவான வணக்கம். இருபது நாள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பப்பாளி, குழைந்த சோறு எல்லாவற்றுக்கும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பாலும் பாதியாகக் குறைந்தது. சடங்கன்று ஆறு கிலோ எண்ணூறு இருந்தவள் போன வெள்ளிக்கிழமை ஆறு கிலோ நானூறு. “இன்னும் முந்நூறு எறங்கிச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுப்பேன். அங்க மூக்கு வழியா குழாய் போடுவாங்க” என்றார் டாக்டர்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை சமையலறைத் தரையில், பலகைக்கு எதிரே அவளை உட்கார வைத்தேன். நீ சொன்னபடி கேரட் கொடுத்தேன். வாங்கினாள். பலகைப் பக்கம் நீட்டினாள். கை அப்படியே நின்றது; நான் பத்துவரை எண்ணினேன். பிறகு கையை மடக்கித் தன் வாயில் வைத்துச் சப்பித் தின்றாள். ஐந்து துண்டும் அப்படியே. கடைசித் துண்டை வாங்கிப் பார்த்தேன். முனையில் பல் பதிந்திருந்தது. ஜினுக்குக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

நேற்று ரோகு மீனை முள் நீக்கி உதிர்த்து வைத்தேன். அதையும் தின்றாள். தட்டைக் கழுவ எடுத்தபோது விளிம்பில் ஏழு முள், பெரியதிலிருந்து சிறியதுவரை சீப்பு மாதிரி வரிசையாக இருந்தது.

பலகை எவ்வளவு துடைத்தாலும் காய்வதில்லை. “தண்ணியக் கொட்டிட்டுக் கண்டுக்காமப் போறா பாரு” என்று மாமியார் என்னைத்தான் திட்டுகிறார். பிள்ளை தின்கிறாளே என்று சந்தோஷப்படுவதா, வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. உடனே எழுது.

ரேபா


மால்பஜார்
9 ஏப்ரல் 1986

ரேபா,

கடிதம் கிடைத்ததும் பலகையை எடுத்துவிடு. நான் முன்பு எழுதியதை மறந்துவிடு.

முள்ளை அப்படி அடுக்குகிறவன் மோனி. சாப்பிட்டு முடித்துத் தட்டின் விளிம்பில் சீப்பு செய்து என்னிடம் காட்டுவான். உனக்கு இது தெரிய வழியில்லை.

அவன் குளத்தில் போன அன்று மதியமும் மீன். நீ அம்மா மடியில் சோறு வாங்கிக்கொண்டிருந்தாய். “ரேபா புள்ளைக்கு மொதச் சோறு நான்தான் ஊட்டுவேன். மூத்தவன் நான்” என்றான். “நீ இருந்தாத்தானே” என்றேன். எனக்கு ஒன்பது வயது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சாப்பிட்டதும் இருவரும் குளத்துக்குப் போனோம். நடுவிலிருந்து இரண்டு முறை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். விளையாடுகிறான் என்று படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் வீட்டில் இருந்ததாகத்தான் அப்பாவிடம் சொன்னேன். இருபத்தேழு வருடமாக அதையே சொல்கிறேன்.

மார்ச்சில் லீவு கிடைத்தது. அவன் இடத்தில் உட்கார எனக்குத்தான் துணிவு வரவில்லை.

30ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வந்து நேரில் பேசுகிறேன்.

அவனி


காட்வா
21 ஏப்ரல் 1986

சின்னண்ணாவுக்கு,

வணக்கம். உன் கடிதம் 14ஆம் தேதி வந்தது. அன்றே பலகையை எடுத்துப் பரணில் போட்டேன். ஜினுக் வாயை மூடிக்கொண்டாள். அழவில்லை, தூங்கவுமில்லை. பலகை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை எடை ஆறு கிலோ இருநூறு. வீட்டுக்கு வந்ததும் பலகையை இறக்கிப் போட்டேன். ஒரு கிண்ணம் சோறும் பருப்பும் தன் கையாலேயே அள்ளித் தின்றாள்.

மறுநாள் அவள் தின்னும்போது உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். கேட்க வேண்டியவன் கேட்கட்டும் என்றுதான். குளத்துப் படியைப் பற்றி எழுதியிருந்தாயே, அங்கேயும் அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. நீ வருவதாக எழுதிய வரியில் நிறுத்தினாள். வாயில் இருந்ததையும் துப்பிவிட்டாள். சாயங்காலம் வரை அப்படியே. “சின்ன மாமா வரல கண்ணு, வரல” என்று நான் சொன்ன பிறகுதான் கையை நீட்டினாள்.

நேற்று என் மாமியார் பலகைக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தார். “யாருக்கு அத்தை?” என்றேன். “ஊட்டற கைக்கும் பசிக்கும்ல” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு அண்ணன்கள் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைமேல் யார் கோபப்படுவார்கள்? ஆனால் எனக்கு ஒரே மகள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இந்த வீட்டில் பலகை ஒன்றுதான்.

இனிமேல் யாராவது விசாரித்தால், உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

ரேபா