இரண்டு சரையிலும் சிவப்புப் பூ

என்ரை மொட்டைக்குட்டி,

நானும் உன் தங்கச்சி ஆரபியும் உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம், நீயும் அந்தப் பாரிஸ் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க எங்கடை பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் பிள்ளையாருக்கும் எனக்கும் இப்போது கொஞ்சம் மனத்தாங்கல், அதைத்தான் எழுத வந்தேன். மொட்டைக்குட்டி என்பது நேர்த்திக்கு மொட்டை போட்ட நாளில் வைத்த பெயர், வீடியோவில் உன் நெற்றி போகிற போக்கைப் பார்த்தால் இனி மாற்றத் தேவையில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் ஆரபி பக்கத்தில் நின்று காது கொடுப்பாள், நீயும் அப்பாவின் பேச்சை எடுத்தாலே அழுது தொலைக்கிறாய். றஜனியக்கா வருகிற கிழமை பாரிசுக்குத் திரும்புகிறா, அவவின் பெட்டியில் மிளகாய்த்தூளோடு இதுவும் வரும். ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை பிடிக்காதே.

அப்பா போய் எட்டு மாதம். செத்தவீட்டை உனக்கு நேரலையில் காட்டிய வீடியோக்காரன், நான் பெட்டியில் விழுந்து அழ, "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழுங்கோ, மகனுக்கு முகம் தெரியேல்லை" என்றானே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிய மற்றது வருகிறது. சரி. அந்த மனிசன் கள்ளுத் தவறணையில் இருந்து தங்கச்சியைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னது உனக்குத் தெரியும், "என்ரை பெட்டை சயன்ஸ்" என்று. சயன்ஸ் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக்கூட மணந்து பார்த்துக் கலக்கின மனிசன். இப்போது ஆரபிக்கு உயர்தரப் பரீட்சை முடிவு வந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். டொக்டருக்குப் புள்ளி காணாது, விஞ்ஞானப் பட்டத்துக்குக் காணுமாம். இவளோ அதை இரண்டாவதாகத் தள்ளிவிட்டு மொழிபெயர்ப்பை முதலாவதாகப் போடப் போகிறாளாம், அது கலைப் பட்டம். உன் பராசக்தி மாமி கேள்விப்பட்டு ஓடி வந்து, "பயோ படிச்ச பிள்ளை ஆர்ட்ஸ் செய்யிறதோ மச்சாள், பிறகு ஆர் பொம்பிளை கேப்பினம்" என்றா. அவவின் மகன் எஞ்சினியரிங் முடித்துவிட்டு வீட்டில் படுத்துக்கிடந்து கேம் விளையாடுகிறான், அவனையும்தான் ஒருத்தரும் கேட்கவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது, தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

ஆனாலும் செத்த மனிசனின் ஆசை அல்லவா. நானும் இவளும் மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு நான்தான், கோயிலில் பூ வைத்துப் பார்ப்போம், சிவப்பு வந்தால் விஞ்ஞானம், வெள்ளை வந்தால் கலை, பிள்ளையார் சொல்லட்டும் என்றேன். ஓம் என்றாள். விடிய எழும்பி இரண்டு செவ்வரத்தம்பூப் பிடுங்கி, இரண்டு கடதாசிச் சரையிலும் அதையே வைத்துச் சுற்றினேன். வெள்ளை நந்தியாவட்டைப் பக்கமே போகவில்லை. ஏன் மறைப்பான், கள்ளம்தான். ஐயர் பூசை செய்து தர ஆரபி ஒரு சரையை எடுத்துப் பிரித்தாள், சிவப்பு. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாத்தியே, பிள்ளையாரும் அப்பாவும் ஒரு பக்கம்" என்றேன். அவள் மற்றச் சரையையும் பிரித்தாள். ஐயர் மணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார், நல்ல மனிசன்.

ஏசப்போகிறாள் என்று பார்த்தால் கோயில் கிணற்றடியில் குந்தியிருந்து அழுதாள். "நீங்கள் பிள்ளையாரைத்தானே அம்மா ஏமாத்தினீங்கள், நான் அப்பாவை ஏமாத்தினனான்" என்றாள். அப்பா ஆசுப்பத்திரியில் கிடக்க, அந்தத் தமிழ் தெரியாத டொக்டர் இங்கிலீசில் சொன்னதை இவள்தானே எங்களுக்குச் சொன்னவள், இரண்டு நாளில் வீட்டுக்கு விடுவார்களாம் என்று. டொக்டர் சொன்னது அதில்லையாம். இரண்டு நாள் தாங்காது, பார்க்க வேண்டிய ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றாராம். அப்பா இவளின் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம், அந்த வாயில் வந்தது அதுதானாம். எட்டு மாதமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னோடு ஒரு சட்டியில் தின்றிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில், "இவ்வளவு வடிவாப் பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்கு அதுக்கொரு பட்டமும் வேணுமோடி" என்று கேட்டுவிட்டேன். அவள் மூக்கைச் சீறிவிட்டு, "ஓம் அம்மா, உள்ளதை எப்பிடிச் சொல்லுறதெண்டு படிக்கவேணும், இனி என்னை மாதிரி ஒரு பிள்ளை அந்தக் கட்டிலடியிலை நிண்டு பொய் சொல்லுற நிலை வரக்கூடாது" என்றாள். இரண்டு பேரும் சைக்கிளில் அச்சுவேலிச் சந்திக்குப் போய், கொம்பியூட்டர்க் கடையில் விண்ணப்பத்தில் மொழிபெயர்ப்பை முதலாவதாகப் போட்டுவிட்டு வந்தோம். விஞ்ஞானம் இரண்டாவதாகக் கிடக்கிறது, அது அப்பாவுக்கு. தவறணைக்காரருக்கு அவரே மேலே இருந்து சமாதானம் சொல்லட்டும்.

நீ தங்கச்சியை ஏசாதே, இதை எழுதிச் சொன்னதும் அதற்காகத்தான். வேலை செய்கிற பேக்கரியில் மிஞ்சின பாணையே தின்று வயிற்றை நிரப்பாதே, சோறு காய்ச்சு. காலில் ஈரச் சப்பாத்தோடு திரியாதே. விசாக் கேஸ் காகிதங்களை ஒரு பையில் போட்டு வை, போன முறை போலத் தேடி அழாதே. வைகாசியில் அப்பாவின் ஆண்டுத் திவசம், மறந்துவிடாதே, அங்கே ஒரு கோயிலில் அவர் பேரில் அருச்சனை செய். உன் கேஸ் வென்று, தலையில் நாலு மயிர் மிச்சம் இருக்கவே நீ இந்தப் படலையைத் திறந்து வர வேண்டும், அதுதான் நான் கேட்கிற வரம், சிவப்பு வெள்ளை ஒன்றும் பார்க்காமல் பிள்ளையார் தரட்டும்.

உன்ரை அம்மா,
நாகேஸ்வரி

மடிக்க முன்னம் ஒன்று. வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று நம்பித்தான் அப்பா அன்றைக்கு, "பெடியனுக்குப் போன் எடுக்காதை, வேலையிலை நிப்பான், வீட்டை போய் ஆறுதலாக் கதைப்பம்" என்று என்னை மறித்தவர். இவள் உள்ளதைச் சொல்லியிருந்தால், அந்த மனிசன் உன்னோடு என்ன கதைத்திருப்பார், தம்பி?